கணக்குக் கேட்கும் ஜனங்கள்

நைஜீரியாவின் ஸ்தல ஸ்தாபனங்கள் கற்பிக்கும் பாடம்

(தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் நைஜீரியா என்ற தேசத்தைப் பற்றிப் பேசப்போகிறோம். மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள தேசம் அது. 20 கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் அங்கே வாழ்கிறார்கள். ஆப்பிரிக்கக் கண்டத்தில் அதைவிட அதிக ஜனத்தொகை கொண்ட தேசம் வேறு கிடையாது. பூமிக்கடியில் பெட்ரோலிய எண்ணெய். பூமிக்கு மேலே கோக்கோ, எண்ணெய்ப்பனை, நிலக்கடலை. இயற்கை எதையும் குறைத்து வைக்கவில்லை.

ஆனால் அந்த நாட்டின் கிராமங்களுக்குப் போனால் என்ன காண்கிறோம்? ஆரம்பப் பள்ளியில் குழந்தைகள் தரையில் உட்கார்ந்து படிக்கிறார்கள். சுகாதார நிலையத்துக்குக் கட்டிடம் இருக்கிறது, மருந்து இல்லை. சந்தைக்குப் போகும் பாதை மழைக்காலத்தில் சேறாகி, விளைந்த பொருள் வண்டியிலேயே அழுகுகிறது.

பணம் இல்லையா? இருக்கிறது. மாதாமாதம் வருகிறது. வந்த பணம் எங்கே போயிற்று? யார் கேட்பது? யாரிடம் கேட்பது? கேட்டால் பதில் சொல்லவேண்டிய கடமை யாருக்கு? நூறு ஆண்டுகளாக அந்த நாட்டு உழைக்கும் ஜனங்கள் இந்தக் கேள்விகளோடு மல்லாடி வருகிறார்கள். அந்தக் கதையைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

ஆப்பிரிக்கக் கதை நமக்கெதற்கு என்று சில தோழர்கள் நினைக்கலாம். கூலி வாங்கிப் பிழைக்கிறவனுக்கு இன்னொரு நாட்டுக் கூலிக்காரன் அந்நியன் அல்ல. அவன் வெற்றி நமக்குத் தைரியம்; அவன் தோல்வி நமக்குப் பாடம்.

மன்றங்களும் அவற்றின் பணமும்

நைஜீரியாவில் ஒரு மத்திய சர்க்கார் இருக்கிறது. அதன் கீழ் 36 மாகாணங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கவர்னர். இந்தக் கவர்னர் மேலிருந்து நியமிக்கப்படுகிறவர் அல்ல; ஓட்டு வாங்கி வந்து மாகாணத்தை ஆளுகிறவர். மாகாணங்களுக்குக் கீழே, தலைநகரான அபுஜா பகுதியையும் சேர்த்து, 774 ஸ்தல ஆட்சி மன்றங்கள். ஒவ்வொரு மன்றத்துக்கும் ஒரு சேர்மன், வார்டுக்கு ஒரு கவுன்சிலர்.

மன்றத்தின் வேலை என்ன? சந்தை நடத்துவது, லாரி–பஸ் நிலையம் நடத்துவது, குப்பை அள்ளுவது, சுடுகாடு இடுகாடு பராமரிப்பது, பிறப்பு இறப்புப் பதிவு செய்வது. ஆரம்பக் கல்வியிலும் சுகாதாரத்திலும் மாகாண சர்க்காரோடு பங்கெடுத்துக்கொள்வது. பிறந்த குழந்தையின் பெயரை எழுதுவதிலிருந்து செத்தவனைப் புதைப்பது வரை, ஏழையின் வாழ்க்கையைத் தொடும் வேலைகள் எல்லாம் இந்த மன்றத்தின் தலையில்தான் இருக்கின்றன. பணக்காரனுக்கு இது தேவையில்லை. அவனுக்குத் தனியார் பள்ளி இருக்கிறது, தனியார் ஆஸ்பத்திரி இருக்கிறது, வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது. மன்றம் கெட்டுப்போனால் கெட்டுப்போவது ஏழையின் பிழைப்புத்தான்.

இந்த வேலைகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? எண்ணெய் விற்ற பணமும் பெரிய வரிகளும் தேசத்தின் பொதுக் கணக்கில் சேருகின்றன. எண்ணெய் விளையும் மாகாணங்களுக்கென்று எண்ணெய் வருமானத்தில் 13 சதவீதத்தை முதலில் எடுத்து வைக்கிறார்கள். மீதியில் ஒவ்வொரு 100 நைராவையும் மூன்றாகப் பங்கிடுகிறார்கள். மத்திய சர்க்காருக்கு 52 நைரா 68 கோபோ. மாகாணங்களுக்கு 26 நைரா 72 கோபோ. ஸ்தல மன்றங்களுக்கு 20 நைரா 60 கோபோ. நூற்றுக்கு இருபது என்பது சின்னத் தொகை அல்ல, தோழர்களே!

ஆனால் இந்த இருபது நைரா நேராக மன்றத்துக்குப் போவதில்லை. 1999ம் வருஷத்து அரசியல் சட்டத்தின் 162வது ஷரத்து என்ன சொல்கிறது? ஒவ்வொரு மாகாணத்திலும் "கூட்டுக் கணக்கு" என்று ஒன்று இருக்கும். மன்றங்களின் பணம் அதில் வந்து விழும். அங்கிருந்து மாகாண சர்க்கார் மன்றங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும். கணக்குக்குப் பெயர்தான் கூட்டு. சாவி கவர்னரின் இடுப்பில். பல மாகாணங்களில் கவர்னர் எடுத்தது போக மிஞ்சியதே மன்றத்துக்கு வந்தது. சேர்மன் வாய் திறந்தாலோ, அவரைக் கலைத்துவிட்டு "தற்காலிகக் கமிட்டி" ஒன்றைக் கவர்னர் தாமே நியமித்து விடுவார்.

இதே அரசியல் சட்டத்தின் 7வது ஷரத்து, ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்தல மன்றங்களுக்கு உத்தரவாதம் அளிக்கிறது. ஒரு ஷரத்து உரிமையைக் கொடுக்கிறது. இன்னொரு ஷரத்து பணப்பையைப் பறித்துக்கொள்கிறது. பணப்பை இல்லாத உரிமையை வைத்துக்கொண்டு மன்றம் என்ன செய்யும்?

வெள்ளைக்காரன் நட்ட செடி

இந்த நோய் நேற்று வந்ததல்ல. இதன் வேர் ஏகாதிபத்திய ஆட்சியில் இருக்கிறது.

1914ல் பிரிட்டிஷார் தங்கள் வசமிருந்த வடக்குப் பகுதியையும் தெற்குப் பகுதியையும் ஒட்டவைத்து நைஜீரியா என்ற ஒரே ஆட்சியாக்கினார்கள். அதைச் செய்தவர் லுகார்ட் பிரபு. இவர் பிறந்தது எங்கே தெரியுமா? நமது சென்னைப் பட்டணத்தில், 1858ல்! இவருடைய சித்தாந்தத்துக்கு "மறைமுக ஆட்சி" என்று பெயர். வெள்ளைக்காரன் முன்னால் நிற்கமாட்டான். உள்ளூர் ராஜாவை, எமீரை, தலைவனை முன்னால் நிறுத்தி, அவன் கையால் வரி வசூலிப்பான், அவன் கையால் தண்டிப்பான். ஜனங்களின் கோபம் உள்ளூர்க்காரன் மீது, லாபம் லண்டனுக்கு.

கிழக்குப் பகுதியில் இக்போ ஜனங்களிடையே பெரும்பாலும் ராஜாவே கிடையாது. ஊர் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். ராஜா இல்லாத இடத்தில் மறைமுக ஆட்சி எப்படி நடத்துவது? வெள்ளைக்காரன் ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து, "இன்றுமுதல் நீதான் தலைவன்" என்று சிலரை நியமித்தான். அந்தக் காகிதத்துக்கு வாரண்டு என்று பெயர். அவர்களுக்கு வாரண்டுத் தலைவர்கள் என்று பெயர். ஊர் அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகையால் ஊருக்கு அவர்கள் பதில் சொல்லவும் இல்லை. மேலே பார்த்துக் கும்பிட்டார்கள்; கீழே பார்த்து உதைத்தார்கள்.

தோழர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். ஒரு அதிகாரி யாருக்குப் பதில் சொல்வான்? யார் அவனைப் பதவியில் வைத்தார்களோ, யார் கையிலிருந்து அவனுக்குப் பணம் வருகிறதோ, அவர்களுக்குத்தான். இது லுகார்ட் காலத்திலும் உண்மை, இன்றும் உண்மை.

பெண்கள் கேட்ட கணக்கு

ஜனங்கள் சும்மா இருந்தார்களா? இல்லை.

கிழக்குப் பகுதியில் 1928ல் ஆண்கள் மீது தலைவரி போட்டார்கள். அடுத்த வருஷமே, 1929 நவம்பரில், ஓலோகோ என்ற ஊரில் ஒகுகோ என்ற வாரண்டுத் தலைவனின் ஆள் ஜனங்களையும் ஆடுமாடுகளையும் கணக்கெடுக்க வந்தான். ந்வான்யெருவா என்ற பெண் பனம்பழத்தில் எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் உன் ஆடுகளையும் ஆட்களையும் எண்ணு என்றான். உன் தாயை எண்ணினார்களா என்று அவள் திருப்பிக் கேட்டதாகச் சரித்திரம் சொல்கிறது. பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்ற செய்தி சந்தைக்குச் சந்தை பரவியது. பாமாயில் விலை விழுந்து கிடந்த சமயம் அது. ஆயிரமாயிரமாகப் பெண்கள் திரண்டார்கள். ஒகுகோவின் வீட்டைச் சுற்றி உட்கார்ந்து, இரவும் பகலும் பாடி, அவனுடைய அதிகாரத் தொப்பியைக் கொடு என்று கேட்டார்கள். அவன் மீது வழக்கு நடந்து சிறைக்குப் போனான்.

கிளர்ச்சி பரவியது. வாரண்டுத் தலைவர்கள் உட்கார்ந்து அநியாயத் தீர்ப்பளித்த கோர்ட்டுக் கட்டிடங்கள் பல இடங்களில் நொறுங்கின. டிசம்பரில் வெள்ளைச் சர்க்காரின் பட்டாளமும் போலீசும் சுட்டதில் 50க்கு மேற்பட்ட பெண்கள் மாண்டார்கள். கையில் துப்பாக்கி இல்லாத பெண்கள்! ஆனால் அவர்கள் சிந்திய ரத்தம் வீண்போகவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் வாரண்டுத் தலைவர் முறையையே பிரிட்டிஷார் கைவிட நேர்ந்தது. ஜனங்கள் தேர்ந்தெடுக்காத தலைவனை ஜனங்கள் இறக்கினார்கள்.

இன்னொரு உதாரணம். தென்மேற்கில் அபெயோகுட்டா நகரம். அங்கே அலாகே என்ற ராஜா பிரிட்டிஷாரின் பெயரால் ஆண்டுவந்தார். சந்தையில் காய்கறி விற்கும் பெண்கள் மீதும் தலைவரி. யுத்த காலத்தில் அவர்களுடைய அரிசியைப் பறிமுதல் செய்தார்கள். பன்மிலாயோ ரான்சம்–குட்டி என்ற ஆசிரியை, எழுதப் படிக்கத் தெரியாத சந்தைப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். எழுத்துப் படித்தவர்கள் சங்கம் கட்டினார்கள். பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை என்றார்கள். எங்களைக் கசக்குவதை விட்டு வெளிநாட்டுக் கம்பெனிகள் மீது வரி போடு என்றார்கள்! 1947ல் ஆயிரக்கணக்கான பெண்கள் அரண்மனைக்கு முன்னால் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். 1949 ஜனவரியில் அலாகே சிம்மாசனத்தை விட்டு ஊரைவிட்டே போனார். பெண்கள் மீதான வரி நின்றது. நகர ஆட்சி மன்றத்தில் பெண்களுக்கு இடம் கிடைத்தது. 1950ல் அலாகே திரும்பி வந்துவிட்டார் என்பதும் உண்மை. பெற்ற வெற்றியைக் காவல் காக்காவிட்டால் அது கைநழுவும் என்பதற்கு அது சாட்சி. அந்த ஆசிரியைக்குப் பிற்காலத்தில், 1970ல், சோவியத் யூனியன் லெனின் சமாதானப் பரிசளித்துக் கௌரவித்தது.

விவசாயிகளின் முறை

சுதந்திரம் 1960ல் வந்தது. வெள்ளைக்காரன் போனான். வரி வசூலிப்பவன் போகவில்லை.

மேற்குப் பகுதியில் கோக்கோ பயிரிடும் விவசாயிகள் 1968ல் கிளம்பினார்கள். தங்கள் இயக்கத்துக்கு அக்பெகோயா என்று பெயர் வைத்தார்கள். "விவசாயி துன்பத்தை ஏற்கமாட்டான்" என்பது அதன் பொருள். கோக்கோவுக்கு சர்க்கார் வாரியம் கொடுத்த விலை குறைவு, வரியோ அதிகம். வரி கட்டாதவனை வீடு புகுந்து பிடித்தார்கள். வரி வாங்கியும் ரோடு போடவில்லை. ஆகவே விவசாயிகள் மூன்று விஷயங்களைக் கேட்டார்கள். வரியைக் குறை, எங்களைக் கொள்ளையடிக்கும் ஸ்தல அதிகாரிகளை நீக்கு, கிராமப் பாதைகளைச் செப்பனிடு. 1969ல் இபாதான் நகரின் அகோடி சிறையை உடைத்துத் தங்கள் தோழர்களை வெளியே கொண்டுவந்தார்கள். இரண்டு பக்கத்திலும் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. கடைசியில் சர்க்கார் இறங்கி வந்து பேச வேண்டியதாயிற்று. தலைவரி வருஷத்துக்கு 2 பவுன் என்று குறைந்தது.

இந்த மூன்று போராட்டங்களிலும் ஒரு பொது அம்சம் இருக்கிறது. வரி வசூலிப்பவன் வீட்டு வாசலுக்கு வந்தான். ஜனங்கள் தங்கள் மடியிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தார்கள். எவ்வளவு கொடுத்தோம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே அதற்கு என்ன செய்தாய் என்று கேட்டார்கள். கேட்கக்கூடிய ஆளும் எதிரிலேயே நின்றான்.

எண்ணெய்ப் பணம் செய்த மாயம்

1956ல் ஓலோய்பிரி என்ற இடத்தில் எண்ணெய் கிடைத்தது. 1958ல் ஏற்றுமதி தொடங்கியது. 1970க்குப் பிறகு எண்ணெய்ப் பணம் வெள்ளமாக வந்தது. அந்நிய எண்ணெய்க் கம்பெனிகளும் மத்திய சர்க்காரும் பங்கிட்டுக்கொண்ட பணம் அது. 1976ல் ராணுவ ஆட்சி ஸ்தல மன்றங்களை நாடு முழுவதும் ஒரே மாதிரியாகத் திருத்தி அமைத்தது. அப்போது 301 மன்றங்கள். 1996க்குள் 774 ஆகிவிட்டன. மேலிருந்து பணம் வருகிறது என்றதும், எங்கள் பகுதிக்கும் ஒரு மன்றம் வேண்டும் என்று உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் போட்டி போட்டார்கள்.

இதனால் விளைந்தது என்ன? மன்றம் ஜனங்களின் வரியை எதிர்பார்த்து வாழவில்லை. மேலிருந்து வரும் பணத்தை எதிர்பார்த்து வாழ்ந்தது. ஆகவே சேர்மனின் கண் மேலே திரும்பியது. வாரண்டுத் தலைவன் வெள்ளைக்கார அதிகாரியைப் பார்த்தான். புதிய சேர்மன் கவர்னரைப் பார்த்தார். ஜனங்களோ, எவ்வளவு வந்தது என்று தெரியாத பணத்தைப் பற்றி எப்படிக் கேட்பது என்று திகைத்தார்கள்.

"இது உங்கள் பணமா? எண்ணெய்ப் பணம்தானே!" என்று சிலர் வாதிக்கிறார்கள். இது பச்சைப் பொய். எண்ணெய் அந்த தேசத்தின் சொத்து. அதாவது ஒவ்வொரு நைஜீரிய உழைப்பாளிக்கும் அதில் பங்கு உண்டு. மேலும், ஏழை வரி கொடுக்கவில்லை என்று யார் சொன்னது? சந்தையில் கூடை வைத்து விற்கும் பெண் தினந்தோறும் சுங்கம் கட்டுகிறாள். மோட்டார் நிலையத்தில் டிரைவர் டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கிறான். அதில் எவ்வளவு மன்றத்தின் கஜானாவுக்குப் போகிறது, எவ்வளவு வசூலிப்பவன் பையில் தங்குகிறது என்பதற்குக் கணக்கு ஜனங்கள் கண்ணில் படுவதே இல்லை.

சுப்ரீம் கோர்ட் தீர்ப்பும் அதன் பிறகும்

இந்த நிலையில் 2024 ஜூலை 11ந் தேதி நைஜீரிய சுப்ரீம் கோர்ட் ஒரு பெரிய தீர்ப்பளித்தது. மத்திய சர்க்கார் 36 மாகாணங்களையும் எதிர்த்துத் தொடுத்த வழக்கு அது. மன்றங்களின் பணத்தைக் கவர்னர்கள் பிடித்து வைப்பது சட்ட விரோதம். பணம் நேராக மன்றங்களுக்கே போகவேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தைக் கலைத்துவிட்டுத் தற்காலிகக் கமிட்டி போடும் அதிகாரம் கவர்னருக்கு இல்லை. தேர்தல் நடத்தாத மன்றத்துக்குப் பணமே கிடையாது. இதுதான் தீர்ப்பின் சாரம்.

நைஜீரிய ஸ்தல சர்க்கார் ஊழியர் சங்கம் நெடுங்காலமாக இந்தக் கோரிக்கைக்காகப் போராடி வந்தது. அவர்கள் தீர்ப்பை வரவேற்றார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் தீர்ப்பு வந்து என்ன நடந்தது?

பணம் நிற்கக்கூடாது என்று பல மாகாணங்கள் அவசர அவசரமாகத் தேர்தல் நடத்தின. அனாம்ப்ரா மாகாணத்தைப் பாருங்கள். 2014 ஜனவரிக்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் அங்கே ஸ்தலத் தேர்தலே நடக்கவில்லை. 2024 செப்டம்பரில் நடத்தினார்கள். 21 மன்றங்கள், 21 சேர்மன் பதவிகளும் மாகாணத்தை ஆளும் கட்சிக்கே! 2025 ஜூலையில் லாகோஸ் மாகாணத்தில் தேர்தல். 57 சேர்மன் பதவிகள். 57ம் ஆளும் கட்சிக்கே! எந்த மாகாணத்தில் எந்தக் கட்சி ஆண்டாலும் பெரும்பாலும் இதே கதைதான். காரணம் வெளிப்படை. ஸ்தலத் தேர்தலை நடத்தும் கமிஷனை நியமிப்பவர் கவர்னர். பந்தயத்தில் ஓடுகிறவனே நடுவரை நியமித்தால் யார் ஜெயிப்பார்கள்?

பணம் நேராகப் போயிற்றா? தீர்ப்பு வந்து ஒரு வருஷம் கழிந்த பின்னும் பெரும்பாலும் பழைய பாதையிலேயே போய்க்கொண்டிருந்தது. எந்த பாங்கில் கணக்குத் திறப்பது என்ற தகராறிலேயே மாதங்கள் கழிந்தன. வந்த பணத்தில் ஒரு பகுதியை மன்றங்கள் மாகாணத்துக்குத் திருப்பிக் கட்டவேண்டும் என்று சட்டமே இயற்றிய மாகாணமும் உண்டு.

இதிலிருந்து நாம் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. கவர்னரின் பிடியிலிருந்து சேர்மன் விடுபடுவது வேறு; சேர்மன் ஜனங்களுக்குக் கட்டுப்படுவது வேறு. முதலாவதைக் கோர்ட் செய்யலாம். இரண்டாவதை எந்தக் கோர்ட்டும் செய்யமுடியாது. ஜனங்கள் விழித்திராவிட்டால், ஒரு பெரிய திருடனுக்குப் பதிலாக 774 சின்னத் திருடர்கள் வருவார்கள், அவ்வளவுதான்.

ஆசிரியர்களின் பயம்

இந்த விஷயத்தில் உழைப்பாளிகளுக்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அதை மூடி மறைக்கக்கூடாது.

ஸ்தல சர்க்கார் ஊழியர்கள் மன்றத்துக்குப் பண சுதந்திரம் வேண்டும் என்கிறார்கள். ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களின் சங்கமோ, எங்கள் சம்பளத்தை மன்றத்தின் கையில் ஒப்படைக்காதே என்கிறது. ஏன்? முன்பு ஒருமுறை ஆசிரியர் சம்பளம் மன்றங்களின் பொறுப்பில் இருந்தபோது மாதக்கணக்கில் சம்பளம் கிடைக்காமல் தவித்தவர்கள் அவர்கள். பிறகு மன்றத்துக்கு வரும் பணத்திலிருந்து ஆசிரியர் சம்பளத்தை முதலிலேயே பிடித்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். சம்பளம் பிடித்தபின் பல மன்றங்களுக்கு ஒரு கோபோவும் மிஞ்சவில்லை. "பூஜ்ய ஒதுக்கீடு" என்றே அதற்குப் பெயர் வந்தது. ஊழியன் சம்பளத்துக்குத் தவித்தான். ரோடு கிடந்தபடி கிடந்தது.

பார்த்தீர்களா? பணம் சுருட்டுகிறவன் மேலே சௌகரியமாக இருக்கிறான். கீழே ஆசிரியனும் ஊழியனும் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். ஆசிரியனின் பயம் நியாயமானது. ஊழியனின் கோரிக்கையும் நியாயமானது. இரண்டும் சேரக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். பணம் எந்தக் கணக்குக்குப் போனாலும் சரி, எவ்வளவு வந்தது, எதற்குச் செலவாயிற்று என்ற விவரம் இரண்டு சங்கங்களின் கையிலும் இருக்கவேண்டும். சம்பளம் முதல் செலவாக வேண்டும். கணக்கு இருட்டில் இருக்கும்வரை சந்தேகம் இருக்கும்; வெளிச்சத்துக்கு வந்தால் ஒற்றுமை வரும்.

பகேகா கிராமத்தின் வெற்றி

கணக்குக் கேட்டு ஜெயித்த கதை ஒன்றும் இருக்கிறது.

வடமேற்கே சம்பாரா மாகாணத்தில் பகேகா என்றொரு கிராமம். நிலத்தில் பிழைக்க வழியில்லாத ஏழை ஜனங்கள் தங்கம் கலந்த பாறையை வெட்டி எடுத்து, தானியம் அரைக்கும் மெஷினில் போட்டு அரைத்தார்கள். வீட்டு முற்றத்திலேயே வேலை. அந்தப் பாறையில் ஈயம் கலந்திருந்தது. தூசி மண்ணில் படிந்தது, கிணற்றில் விழுந்தது, தவழும் குழந்தைகளின் வாய்க்குள் போயிற்று. 2010ல் விஷயம் வெளிவந்தபோது அந்தப் பகுதிக் கிராமங்களில் குறைந்தது 400 குழந்தைகள் இறந்துவிட்டன. கூலி கிடைக்காத தகப்பன் ஒரு குன்றிமணித் தங்கத்துக்காகக் குழந்தையைப் பறிகொடுத்தான்.

வேறு கிராமங்களில் விஷ மண்ணை அகற்றிச் சுத்தம் செய்தார்கள். பெரிய கிராமமான பகேகா மட்டும் பணம் வரவில்லை என்று காத்துக்கிடந்தது. மண் சுத்தமாகாமல் குழந்தைகளுக்கு வைத்தியம் செய்தும் பயனில்லை. மருந்து ஒரு பக்கம், விஷம் மறுபக்கம். மத்திய சர்க்கார் 85 கோடி நைரா தருவதாக 2012ல் வாக்களித்தது. வாக்கு வந்தது, பணம் வரவில்லை. அப்போது ஹம்சாத் லவால் என்ற வாலிபரும் அவருடைய நண்பர்களும் ஒரே ஒரு கேள்வியைக் கையில் எடுத்தார்கள். "அந்த 85 கோடி எங்கே?" கிராமத்துக்குப் போனார்கள். பத்திரிகைகளுக்குச் சொன்னார்கள். தேசமெல்லாம் அதே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டது. 2013 ஜனவரியில் பணம் வெளிவந்தது. மண் சுத்தமாயிற்று, குழந்தைகளுக்கு வைத்தியம் தொடங்கிற்று.

எது ஜெயித்தது? தொகை தெரிந்திருந்தது. யார் வாக்களித்தார் என்பது தெரிந்திருந்தது. எந்த ஊருக்கு என்பது தெரிந்திருந்தது. பதில் வரும்வரை கேட்பதை நிறுத்தவில்லை. "பணத்தைப் பின்தொடர்" என்று இந்த இயக்கத்துக்குப் பெயர் வைத்தார்கள். சர்க்காரின் பட்ஜெட்டை ஜனங்களுக்குப் புரியும்படி படம் போட்டு விளக்கும் ஸ்தாபனங்களும் 2011லிருந்து வேலை செய்துவருகின்றன. அதே 2011ல் தகவல் பெறும் உரிமைச் சட்டம் வந்தது. கேட்ட தகவலை 7 நாளில் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். இது எங்களைக் கட்டுப்படுத்தாது என்று மாகாணங்கள் பல தட்டிக்கழித்து வந்தன. எல்லா மட்ட சர்க்காரையும் அது கட்டுப்படுத்தும் என்று 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

இவையெல்லாம் நல்ல ஆயுதங்கள். ஆனால் ஆயுதம் தானாகச் சண்டை போடாது. பட்டணத்திலிருந்து படித்த வாலிபர் வந்து ஒரு கிராமத்துக்கு ஒரு தொகையை வாங்கித் தரலாம். 774 மன்றங்களுக்கும் மாதாமாதம் அவர் வரமுடியுமா? அவர்களுடைய ஸ்தாபனங்களில் பல வெளிநாட்டு அறக்கட்டளைகளின் பணத்தை நம்பி நடக்கின்றன. அந்தப் பணம் நின்றால்? கிராமத்திலேயே இருப்பவர்கள், ஓடிப்போக முடியாதவர்கள், அவர்கள் சங்கமாக நிற்பதுதான் நிரந்தரக் காவல்.

கணக்குச் சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் அந்த நாடு பார்த்தது. கொரோனா நோய் வந்த 2020ல் ஏழைகளுக்கென்று அரிசியும் உணவுப் பொருளும் சேகரித்தார்கள். அக்டோபரில் போலீஸ் கொடுமையை எதிர்த்து வாலிபர்கள் கிளர்ந்த சமயத்தில், லாகோஸ் முதல் ஜோஸ் வரை பல ஊர்களில் கிடங்குகளில் அந்த மூட்டைகள் அடுக்கிக் கிடப்பதை ஜனங்கள் கண்டார்கள். பசித்தவர்கள் கதவை உடைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். பின்னால் கொடுப்பதற்காக வைத்திருந்தோம் என்று கவர்னர்கள் சமாதானம் சொன்னார்கள். எத்தனை மூட்டை வந்தது, எத்தனை யாருக்குப் போயிற்று என்று முதல் நாளே சந்தையில் எழுதி ஒட்டியிருந்தால் கதவு உடைந்திருக்குமா?

நாம் எடுத்துக்கொள்ளும் பாடம்

தோழர்களே! நூறு ஆண்டுச் சரித்திரத்தைச் சுருக்கிச் சொல்லிவிட்டோம். இதிலிருந்து நாம் என்ன முடிவுக்கு வருகிறோம்?

ஒன்று: மன்றத்துக்கு வந்த தொகை ஹௌசா, யொரூபா, இக்போ என்று அந்தந்த ஊர் ஜனங்கள் பேசும் பாஷையில் சந்தையிலும் பள்ளிச் சுவரிலும் மாதாமாதம் எழுதப்பட வேண்டும். தெரியாத கணக்கை யாரும் கேட்கமுடியாது.

இரண்டு: ஐந்து பேர் தனித்தனியாகக் கேட்டால் மிரட்டிவிடுவான். சந்தைப் பெண்கள், மோட்டார் தொழிலாளர், ஆசிரியர், ஊழியர், விவசாயிகள் எல்லோரும் வார்டுதோறும் ஒன்றாக உட்கார்ந்து கேட்டால் மிரட்ட முடியாது. 1929ல் பெண்கள் உட்கார்ந்ததும், 1947ல் உட்கார்ந்ததும் இதற்குச் சாட்சி.

மூன்று: தேர்தல் நடத்துகிறவன் கவர்னரின் ஆளாக இருக்கும்வரை ஓட்டுச்சீட்டு வெறும் காகிதம். நேர்மையான தேர்தலும் கணக்குக் கேட்கும் உரிமையும் ஒரே போராட்டத்தின் இரண்டு கைகள்.

நைஜீரியாவின் ஆளும் வர்க்கம் இதையெல்லாம் மனமுவந்து கொடுக்கப்போவதில்லை. வெள்ளைக்காரன் கொடுத்தானா? அலாகே கொடுத்தாரா? வரியைக் குறைத்ததும், தலைவனை இறக்கியதும், பகேகாவின் மண்ணைக் கழுவியதும் ஜனங்களின் கூட்டு சக்திதான். பனம்பழத்தில் எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், என்னை எண்ண வந்த நீ யார் என்று கேட்டாள். இன்று அவளுடைய பேத்திகளும் கொள்ளுப்பேரன்களும் ஒரு படி மேலே போய், எங்கள் பணத்தை எண்ணிக் காட்டு என்று கேட்கிறார்கள்.

அவர்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை அவர்கள் ஓயப்போவதில்லை. மில்லில் நிற்கும் நாமும், வயலில் குனியும் நாமும் அவர்களோடு நிற்கிறோம். நைஜீரிய உழைக்கும் ஜனங்களின் போராட்டம் வெல்க!